ஏழாவது ஷரத்து

எங்கள் ஊரில் ஒருவன் ஏரிக்குள் இறங்கி வலை கட்ட மூன்று வேண்டும். படகு, வலை, பட்டியலில் பெயர். முதல் இரண்டையும் இரவல் வாங்கிவிடலாம். மூன்றாவதை வாங்க முடியாது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய சில ஊர்களில் இதற்குப் பாடு என்று பெயர். பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் சில, ஆட்கள் பலர். அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முடிவு செய்வோம். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குச் சீட்டு கிடையாது. அவன் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.

அந்தப் பட்டியலை முப்பத்தெட்டு வருஷமாக எழுதி வருபவன் நான். பொன்னேரியில் கல்லூரியில் ஒன்றரை வருஷம் படித்தேன். நைனாவுக்குப் படகில் வழுக்கி இடுப்பு ஒடிந்ததால் படிப்பை விட்டு வந்தேன். ஊரில் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். அதனால் நோட்டு என்னிடம் வந்தது. எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. நோட்டு வந்த பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் வீட்டில் ஆட்களை எண்ணுவேன். நான், மனைவி, மகன், மருமகள், இரண்டு பேத்திகள், ஆறு. பிறகு கரையில் கட்டிக் கிடக்கும் படகுகள், நாற்பத்தாறு. டீக்கடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. இப்போது முழங்கால் மடங்காததால் இருநூற்று அறுபது. இதெல்லாம் யாருக்கு என்று மனைவி கேட்பாள். யாருக்கும் இல்லை. எண்ணாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான்.

பட்டியலின் முதல் பக்கத்தில் ஒன்பது ஷரத்துகள் இருக்கின்றன. எல்லாம் நான் எழுதியவை. நான்காவது, உயிரோடு இருப்பவன் தன் இடத்தை மகனுக்கோ வேறு எவனுக்கோ மாற்றித் தர முடியாது, படகில் அவனே ஏற வேண்டும். ஏழாவது, வெளிவேலைக்குப் போனவன் பெயரை அடித்தால் மறுபடி எழுதுவதில்லை. ஏழாவதை எழுதக் காரணம் இருந்தது. சுற்றிலும் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. இளவட்டங்கள் போனார்கள். போனவர்கள் முழுதாகப் போகவில்லை. இறால் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டால் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்கள். வருஷம் முழுக்கச் சேற்றில் நின்றவனுக்கு வயிற்றெரிச்சல். கைகலப்பு வரை போனது. ஊர் கூடி ஏழாவது ஷரத்தைப் போட்டோம். கடைசியில், பாவமாக இருக்கிறதே என்று, நானாக ஒரு வரி சேர்த்தேன். ‘தகப்பன் இறந்து காலியாகும் இடத்துக்கு மட்டும் இது தடையில்லை.’ அந்த வரியைப் படித்துக்காட்டியபோது ஊரார் தலையாட்டினார்கள். நல்ல வரி என்று எனக்கும் தோன்றியது.

என் மகன் பெயர் இருபத்தேழாவதாக இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் அவனுக்கு வேலை கிடைத்தது. சட்டை, காலணி, கழுத்தில் மாட்ட ஒரு கார்டு. பொன்னேரி வரை கம்பெனி வேன் வரும். சேதி வந்த அன்று சாயங்காலமே நோட்டை எடுத்தேன்.

“ஒரு வருசம் வுட்டு வெய்யேன் நைனா” என்றான். “வேல எப்டிகீதுனு பாத்துக்கினு அடிச்சிக்கலாம்.”

“ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலா? நோட்டு எழுதுறவன் புள்ளைக்கே சலுகைனா ஊர்ல எவன் மதிப்பான்?”

ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரே கோடு. செத்தவர்களுக்குக் கறுப்பு மை, கரையேறியவர்களுக்குச் சிவப்பு. சிவப்புக் கோடு போட எனக்குப் பிடிக்கும். அது நல்ல சேதி. அன்று டீக்கடையில் எல்லாருக்கும் என் செலவில் டீ. பதினேழு பேர்.

இவ்வளவையும் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

போன தை மாசம் என் படகுக் கூட்டாளியின் தம்பி என்னைப் பார்க்க வந்தான். அண்ணனும் நானும் இருபத்தாறு வருஷமாக ஒரே படகு. தம்பிக்கு நாற்பத்தொரு வயசு. அவன் பெயரிலும் சிவப்புக் கோடு இருந்தது. என் மகன் போன அதே கம்பெனிக்கு அவன் முன்னாலேயே போனவன். பொங்கல் லீவு முடிந்து போனவர்களில் நாற்பது பேரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் இல்லையாம். வெளிநாட்டில் எடுக்கவில்லையாம். கம்பெனிச் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் என் வீட்டுக்கு வந்தான். வேறு நல்ல சட்டை இல்லையோ என்னவோ.

“மாமா, என் பேரத் திரும்பி எழுதிடேன்.”

“ஏழாவது ஷரத்து கீதேடா.”

“அடிச்ச பேனா உங்கிட்டதானே கீது” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து ஏழாவதை அவனுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். தகப்பன் இடம் இருந்தால் வரலாம் என்ற கடைசி வரியையும் வாசித்தேன். அவனுடைய தகப்பன் இறந்து பல வருஷம் ஆகிறது. அந்த இடம் அண்ணனுக்குப் போய்விட்டது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தும் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தான். “சர்தான் மாமா, கையெழுத்து முத்து முத்தா கீது” என்றான். எழுந்து போனான். டீ கொடுத்தோமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். கொடுக்கவில்லையாம்.

பத்தொன்பதாவது நாள் அவன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

போலீஸ் வந்தது. அப்படிப்பட்ட சாவுக்கு ஒரு காரணம் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தீராத வயிற்று வலி என்று எழுதிவிடுவார்கள். ஊர்த் தலைவர் சொல்ல, போலீஸ்காரர் எழுதினார். அப்படி எழுதினால் கேள்வி குறையும், உடல் சீக்கிரம் வரும், அவன் பெண்சாதியை யாரும் தூண்டித் துருவ மாட்டார்கள். எல்லாம் நல்லெண்ணம்தான். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஊரில் கையெழுத்து நன்றாக இருப்பவன் நான்.

அவன் வயிறு எனக்குத் தெரியும். கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் எங்கள் படகில் சோறு தின்ற வயிறு. நேற்றைய மீன்குழம்பையும் பழையதையும் வழித்துத் தின்றுவிட்டு, வெயிலில் மல்லாந்து கிடப்பான். ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் பழைய நோட்டுகளை எடுத்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் எங்கள் ஊரில் தன் கையால் போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். ஐந்து. ஐந்து பேருக்கும் தாளில் என்ன எழுதினார்கள் என்று நினைவிலிருந்து பக்கத்தில் குறித்தேன். வயிற்று வலி மூன்று, குடும்பத் தகராறு ஒன்று, மனவிரக்தி ஒன்று. அந்தந்த வருஷம் ஊர் எப்படி இருந்தது என்று அதற்குப் பக்கத்தில் எழுதினேன். முகத்துவாரம் மணல் மேடாகி, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராமல், இறால் இல்லாமல் போன வருஷம் இரண்டு பேர். ஊரடங்கு முடிந்து, போன வேலை திரும்ப வராத வருஷம் ஒருவர். இப்போது இவன். எந்தக் குறையும் இல்லாத நல்ல வருஷத்தில் போனவர் ஒரே ஒருவர்தான்.

வேலை போனால் தற்கொலை கூடுகிறது என்று பேப்பரில் எப்போதாவது வரும். படித்திருக்கிறேன். லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று கணக்குச் சொல்வார்கள். எங்கள் ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்தான். லட்சத்துக்குக் கணக்குப் போட எங்களிடம் ஆள் போதாது. கெட்ட வருஷங்களில் நாலு என்பது ஒரு கணக்கே இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. இன்னொன்றும் அந்தத் தாளில் தெரிந்தது. ஊரடங்கு வருஷத்தில் வேலை போனவர்கள் முப்பது பேருக்கு மேல். ஒருவன் போனான். மற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி இருந்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நானும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பின்னால் எனக்கு உதவியிருக்கும்.

சித்திரையில் என் மகனுக்கு வேலை போனது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. காலையில் வேனில் போயிருக்கிறான். கேட்டில் கார்டை வைத்திருக்கிறான். கேட் திறக்கவில்லை. கார்டைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறான். பின்னால் நின்றவன் கார்டுக்கும் திறக்கவில்லை. செக்யூரிட்டி ஒரு தாளைப் பார்த்துவிட்டு, ஓரமா நில்லுங்கண்ணே என்றானாம். திரும்பி வர வேன் இல்லை. மினி பஸ் பிடித்து, ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸில் வந்து, மத்தியானம் ஒன்றரை மணிக்கு வாசலில் நின்றான். இதை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. அவனைப் பார்ப்பதுதான் வேலை. எத்தனை வாய் சோறு தின்கிறான். முன்னெல்லாம் மூன்று கரண்டி, இப்போது ஒன்று. எத்தனை நாளுக்கு ஒரு தரம் முகம் மழிக்கிறான். லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் மேல் எத்தனை நேரம் உட்கார்கிறான். நான் வலைக்குப் போகாத நாளெல்லாம் முழங்காலை இழுத்துக்கொண்டு அவன் பின்னால் போவேன். கருவாடு காயப்போடும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

“இன்னா தாத்தா, புள்ளை தொலைஞ்சிபூடும்னு காவலா?”

ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. காற்று வாங்க வந்தேன் என்றேன்.

வேலை தேடாமல் அவன் இருந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் மாசம் இருபத்திரண்டு நாள் வெளியே போனான். ஒருநாள் திரும்பி வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே அவன் பெண்சாதியிடம் சொல்வது கேட்டது.

“நாப்பது வயசுக்கு இன்னா வேல தெரியும்னு கேக்குறான்.”

“நீ இன்னா சொன்னே?”

“பதினோரு வருசமா ஒரே பட்டனை அமுக்கினேன்னு சொன்னேன். அந்த பட்டன் எந்த கம்பெனில கீதோ அங்க போங்கனு சொல்ட்டான்.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். உள்ளே இருந்த எனக்கு, படகுக் கூட்டாளியின் தம்பி சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதன் பிறகு அவன் சிரித்தாலும் எண்ணினேன், சிரிக்காவிட்டாலும் எண்ணினேன்.

மருமகள் நண்டுச் சதை எடுக்கும் ஷெட்டுக்குப் போகிறாள். வாரத்தில் ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாகிவிட்டது. நண்டு வரவில்லை. படகுக் கூட்டாளியின் தம்பி பெண்சாதியும் அதே ஷெட்தான். இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து சதை எடுப்பார்களாம். என்ன பேசிக்கொள்வீர்கள் என்று மருமகளைக் கேட்டேன். “ஒண்ணும் பேச மாட்டோம் மாமா. கத்தி வழுக்கும்” என்றாள்.

ஆனியில் சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம். அதுதான் எனக்கு இருந்த ஒரே வாசல். ஏழாவது ஷரத்தை இந்த ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாம் என்று எழுதி எடுத்துப் போனேன். ஒன்றரைப் பக்கம். மகனிடம் சொல்லவில்லை. வாசித்து முடித்தேன். பிறகு பின்வரிசையில் எவனோ, “ஸ்கேல் எட்த்தாந்தியா பெருசு? கோட்டை அழிக்கணுமே” என்றான். சிரித்தார்கள்.

என் படகுக் கூட்டாளி எழுந்தான். இருபத்தாறு வருஷத்தில் கூட்டத்தில் அவன் பேசி நான் பார்த்ததில்லை.

“மாமா, என் தம்பி உன் வூட்டுக்கு வந்தானே, அன்னிக்கு இந்தத் தாளை எழுதியிருக்கலாமே.”

அவ்வளவுதான் சொன்னான். உட்கார்ந்துவிட்டான்.

தலைவர்தான் மீதியைச் சொன்னார். சிவப்புக் கோடு விழுந்தவர்களில் பதினோரு பேர் இப்போது வேலையில்லாமல் இருக்கிறார்கள். ஒருவனுக்கு எழுதினால் பதினோரு பேருக்கும் எழுத வேண்டும். இப்போதே ஒருவனுக்குப் பாடு வர பன்னிரண்டு நாள் ஆகிறது. முகத்துவாரம் அடைத்துக் கிடக்கிறது. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தரம் போய் ஒரு கூடை குஞ்சு மீன் கொண்டு வருகிறவன் வயிற்றில் எப்படிக் கை வைப்பது. அவர் சொன்னதில் பிழை இல்லை. வேறு எவனுக்காவது வந்த மனு என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன், இதைவிட நல்ல தமிழில்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். எனக்காக நான்கு கை. என்னுடையதும் சேர்த்து.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டைப் பெட்டியில் வைக்கும்போது ஏழாவது ஷரத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது. தகப்பன் இறந்து காலியாகும் இடத்துக்கு மட்டும் இது தடையில்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுபத்தொரு வயசு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. படகில் ஏற என்னை இரண்டு பேர் தூக்குகிறார்கள். என் இடம் காலியானால் மகன் பெயர் அந்த வாரமே ஏறும். ஊர் கூட வேண்டாம், கை தூக்க வேண்டாம். கூட்டிக் கழித்துப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது. அவன் மேல் வைத்திருந்த பயம் அப்படியே திரும்பி என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆச்சரியம், அதில் பயமே இல்லை. ஒரு வேலை கிடைத்தவன் மாதிரி இருந்தேன். படகுக் கூட்டாளியின் தம்பியும் கடைசி நாட்களில் நிம்மதியாக இருந்தான் என்று அவன் பெண்சாதி சொன்னது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

நோட்டு பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி, தொண்ணூற்று நான்கு பெயர்களையும் ஒன்பது ஷரத்துகளையும் பெயர்த்து எழுதத் தொடங்கினேன். மனைவியின் ஆதார், ரேஷன் கார்டு, என் பள்ளிக்கூடச் சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டேன். தலைவர் வீட்டுப் பக்கம் போனபோது பேச்சுவாக்கில் கேட்டேன்.

“சாவு எப்டி வந்தாலும் எடம் புள்ளைக்குத்தானே போவுது?”

தலைவர் இறால் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு, “அண்ணாத்தே, இன்னா வயித்து வலியா?” என்றார்.

இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து எனக்குப் பாடு. விடிந்தும் விடியாமலும் கரைக்குப் போனேன். படகுக் கூட்டாளி இன்னும் வரவில்லை. என் மகன் படகின் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் நான் பெயர்த்து எழுதிய புது நோட்டு.

“மூணு நாள்ல பதினாலு பக்கம்” என்றான். “எவன் கேட்டான் நைனா?”

“பழசு கிழிஞ்சிபூச்சி.”

“கிழியல. நான் பாத்தேன். அம்மா கார்டெல்லாம் ஒரு பைல கீது. அதையும் பாத்தேன். தலைவர் வூட்டுல நீ கேட்டதை அவரு வந்து சொன்னாரு.”

தண்ணீர் வற்றி, கரையிலிருந்து பதினெட்டு அடிக்குச் சேறு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“குப்பத்துல நான் குந்திக்கினா நீ பின்னால வந்து நிக்கிறே. தெரியாதுனு நெனைச்சிக்கினியா? உன் காலு இழுக்கிற சத்தம் ஆந்திரா வரைக்கும் கேக்குது. நான் பூடுவேன்னு நீ பாக்குறே. நாலு நாளா நீ பூடுவேன்னு நான் பாக்குறேன். இப்டி ரெண்டு பேரும் காவல் காத்துக்கினு இருந்தா வேலைக்கு யாரு போறது?”

“உனக்கு எடம் கெடைக்கும்டா” என்றேன். சொன்ன பிறகுதான் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

அவன் நோட்டைத் திறந்து மடியில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து என் பேனாவையே எடுத்து நீட்டினான்.

“எழுது. தகப்பன் எடம் வந்தாலும் எனக்கு வேணாம். இன்னிக்கும் வேணாம், எப்பவும் வேணாம். எழுது.”

“அப்புறம் உனக்கு ஏரியே இல்லடா.”

“இல்லாங்காட்டி போவுது. நீ கீறே இல்ல?”

நான் பேனாவை வாங்கவில்லை. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் என் பக்கத்தில் இறங்கி வந்து உட்கார்ந்தான். அதற்குள் படகுக் கூட்டாளி வந்துவிட்டான். எங்கள் இரண்டு பேரையும் நோட்டையும் பார்த்தான். மகன் சொன்னது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். மீதியை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எழுது மாமா” என்றான். “நான் சாட்சி போடுறேன்.”

எந்த மையில் எழுதுவது என்று தெரியவில்லை. கறுப்பு செத்தவனுக்கு, சிவப்பு கரையேறியவனுக்கு. இவன் இரண்டும் இல்லை. கையில் இருந்தது நீலம். எழுதினேன். எழுபத்தொரு வருஷத்தில் நான் எழுதிய எழுத்திலேயே அதுதான் கோணல். மகன் கையெழுத்துப் போட்டான். படகுக் கூட்டாளி தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினான். அவன் தம்பி மாதிரியே கடைசி எழுத்தை இழுத்துவிட்டான்.

அன்று வலை கட்டினோம். நான்கு மணி நேரத்தில் அரைக் கூடை. தம்பி போன பிறகு கூட்டாளி என் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அதிகம் பேசுவதில்லை. சோற்றுத் தூக்கைத் திறந்தால் முதலில் என் பக்கம் நகர்த்துகிறான்.

அன்றே மகன் நோட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டான். எழுத வேண்டுமென்றால் அவனிடம் கேட்டு வாங்க வேண்டும். எழுதும்போது பக்கத்தில் நிற்கிறான். பையிலிருந்த கார்டுகளை எடுத்து வீட்டில் நான்கு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறான். மனைவி ரேஷன் கார்டைத் தேடி அரை நாள் திட்டினாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எனக்குச் சோறு போடும்போது மூன்றாவது கரண்டியை அவனைப் பார்த்துக்கொண்டே போடுகிறாள்.

இப்போது கார்த்திகை. கேட் திறக்காத நாளிலிருந்து இருநூற்றுப் பதினான்கு நாள். மழை பெய்தும் முகத்துவாரம் முழுசாகத் திறக்கவில்லை. சுண்ணாம்புக்குளம் பக்கம் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கும் கூடை நிறைவதில்லை என்று சொல்கிறார்கள். கம்பெனியில் இன்னும் அறுபது பேரை நிறுத்தப் போவதாகப் பேச்சு. எங்கள் ஊர்க்காரர்கள் அதில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணினேன், ஐந்து. ஐந்து வீட்டுக்கும் போய் வந்தேன். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள், குடித்தேன். இன்னொரு வீட்டில் அந்தப் பையன், “இன்னா பெருசு, பேரை அடிச்சதுக்கு துக்கம் விசாரிக்க வந்தியா?” என்று கேட்டான். ஆமாம்டா என்றேன். உட்காரச் சொன்னான். அவனுக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நாளைக்கும் போவேன்.

வாரத்தில் இரண்டு நாள் மகனுக்குப் பொன்னேரி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை கிடைக்கிறது. சில வாரம் ஒரு நாள். இன்று காலை எழுந்து எண்ணினேன். வீட்டில் ஆறு. கரையில் நாற்பத்தாறு. அவன் முகம் மழித்து, கம்பெனிக் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தான்.

“எங்கயும் போவாதே” என்றான்.

“நீயும்.”

ஏழே கால் பஸ்ஸுக்குப் போனான். பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வந்துவிட்டான். இன்றைக்கு லோடு வரவில்லையாம். காலணியைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரம் வைத்தான்.